சாயம் பூசிய நரியின் ஊளை: ஒளிந்து வாழும் திருடர்களின் பழைய சிரிப்புப் படங்கள்

குற்றவாளி ஒருவன் புதிய பெயரில் வேறு ஆளாக ஒளிந்துகொள்ளும் பழைய நகைச்சுவைப் படங்களில் எவை பார்க்கத் தகுந்தவை, அவை இன்றைக்கும் சிரிக்க வைக்குமா என்பது கேள்வி. என் பதில்: வைக்கும். ஆறு படங்களைச் சொல்கிறேன். இவற்றுக்கு வயது 70 முதல் 100-க்கும் சற்று மேல் வரை ஆகிறது என்பதால் முடிவுகளையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன். கதை தெரிந்து பார்த்தாலும் குறையாத சிரிப்பு இவற்றில் இருக்கிறது.

இந்த வகைக் கதைகளைப் பற்றிப் பேசும்போது, மாட்டிக்கொள்வானா மாட்டானா என்ற பதைப்பில்தான் சுவை இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. அந்தப் பதைப்பு திகில் படத்திலும் இருக்கிறது. நாம் சிரிப்பது வேறு இரண்டு இடங்களில். பெயரை மாற்றிக்கொண்டவனால் உடம்பை மாற்றிக்கொள்ள முடிவதில்லை என்பது ஒன்று. நீலச் சாயத் தொட்டியில் விழுந்த நரி காட்டுக்கே ராஜாவாகிவிட்டது; மற்ற நரிகள் ஊளையிட்டதும் தன்னையறியாமல் அதுவும் ஊளையிட்டது. இன்னொன்று, எந்த வேடம் போட்டாலும் அந்த வேடத்துக்குரிய வேலையைச் செய்தாக வேண்டும். பாதிரியார் அங்கி மாட்டியவன் பிரசங்கம் செய்ய வேண்டும், கடைக்காரன் வேடம் போட்டவன் பெட்டி விற்க வேண்டும். திருட்டை விட அந்த வேலைதான் அவனை அதிகம் படுத்துகிறது. நல்ல படங்கள் இந்த இரண்டையும் பிடித்துக்கொள்கின்றன.

முதலில் சாப்ளினின் 'தி பில்கிரிம்' பாருங்கள். 1923-இல் வந்த மௌனப் படம், ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சிறையிலிருந்து தப்பிய கைதி ஒருவன் குளித்துக்கொண்டிருக்கும் பாதிரியாரின் உடையைத் திருடி மாட்டிக்கொள்கிறான். ரயில் நிலையத்துக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு பட்டியலிலிருந்து ஓர் ஊரைப் பொறுக்குகிறான். பயணச்சீட்டு வாங்கும் சன்னலில் கம்பிகள் இருக்கின்றன. அவன் இரண்டு கைகளாலும் அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், சிறையில் நின்ற அதே நிலையில். ஒரு சொல் கிடையாது, ஒரு விளக்கம் கிடையாது. உடை பாதிரியாருடையது, கைகள் கைதியுடையவை. முழுச் சீட்டும் காசு கொடுத்து வாங்கிவிட்டு, ரயில் பெட்டிக்கு அடியில் போய் ஒளியப் பார்க்கிறான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் படம் பிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

போய் இறங்கும் ஊர் டெக்சாஸில் உள்ள ஒரு சிற்றூர். அங்கே புதிய பாதிரியாரை எதிர்பார்த்து ஊரே ரயில் நிலையத்தில் காத்திருக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை, நேரே தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறார்கள். பாடகர் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை அவன் ஒவ்வொருவராக எண்ணுகிறான். பன்னிரண்டு பேர். வழக்கில் தீர்ப்புச் சொல்லும் ஜூரியிலும் பன்னிரண்டு பேர்! அந்தக் கணத்தில் தேவாலயம் அவன் கண்ணுக்கு நீதிமன்றமாகிவிடுகிறது. வேதப் புத்தகத்தில் ஒரு கையை வைத்து மறு கையை உயர்த்துகிறான், சத்தியப் பிரமாணம் செய்பவனைப் போல.

பிறகு பிரசங்கம். இவனுக்கு வேதம் தெரியாது, நடிக்கத் தெரியும். தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதையை மேடையில் நடித்தே காட்டுகிறான்: ராட்சதன் எவ்வளவு உயரம், சிறுவன் எவ்வளவு குட்டி, கவண் எப்படிச் சுழன்றது, தலை எப்படி விழுந்தது. முடிந்ததும் சபை உறைந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு சின்னப் பையன் மட்டும் கைதட்டுகிறான். உடனே இவன் நாடகக்காரனைப் போலத் திரும்பத் திரும்ப வந்து வணங்குகிறான். அந்தப் பிரசங்கத்தை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குத் தோன்றுவது, அந்தச் சபையில் அன்று வேதக் கதையை உண்மையிலேயே உணர்ந்து சொன்னவன் இவன்தான் என்பது. ருத்திராட்சப் பூனை என்று இவனைத் தள்ளிவிட முடியாது. பூனை அந்த ஒரு கணம் பக்தியில் விழுந்துவிட்டது.

முடிவு இன்னும் அழகு. பழைய சிறைத் தோழன் ஒருவன் வந்து, தங்க இடம் கொடுத்த வீட்டுப் பணத்தைத் திருட, இவன் அதை மீட்டுக் கொடுக்கிறான். அதற்குள் இவன் யாரென்று செரீஃபுக்கு, அதாவது ஊர்ப் போலீஸ் தலைவருக்கு, தெரிந்துவிடுகிறது. நல்ல மனிதர் அவர். மெக்சிகோ எல்லைக்கு அழைத்துப் போய், அந்தப் பக்கம் இருக்கும் பூக்களைப் பறித்து வா என்கிறார். ஓடிவிடு என்று அர்த்தம். இவனுக்குப் புரியவில்லை. பூக்களைப் பறித்துக்கொண்டு ஓடி வந்து அவரிடமே நீட்டுகிறான். கடைசியில் அவர் உதைத்துத்தான் எல்லையைத் தாண்ட வைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போனால் கொள்ளைக்காரர்களின் துப்பாக்கிச் சண்டை. இந்தப் பக்கம் சட்டம். ஒரு காலை அமெரிக்காவிலும் இன்னொரு காலை மெக்சிகோவிலும் வைத்துத் தாவித் தாவி ஓடுகிறான். தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை.

(அந்தப் படத்தில் வருவோர் போவோரையெல்லாம் அறைந்து தொல்லை தரும் குட்டிப் பையன் டீன் ரைஸ்னர். வளர்ந்து திரைக்கதை ஆசிரியராகி, 1971-இல் வந்த 'டர்ட்டி ஹாரி' என்ற போலீஸ் படத்தின் எழுத்தாளர்களில் ஒருவரானார்.)

அடுத்து என் மனத்துக்கு மிக நெருங்கியது: எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய 'டிரபிள் இன் பாரடைஸ்', 1932. வெனிஸ் நகரம், நிலவொளி, ஒரு படகு நகர்ந்து வருகிறது. காதலர்கள் வருகிறார்கள் என்று நினைத்தால் அது குப்பை அள்ளும் படகு. அந்த முதல் காட்சியே படம் முழுவதற்கும் சாவி. மேலே பளபளப்பு, உள்ளே வேறு சரக்கு.

ஒரு விடுதி அறையில் ஒரு பிரபுவும் ஒரு பிரபுவம்சத்துப் பெண்ணும் இரவு உணவுக்கு உட்காருகிறார்கள். இருவருமே போலி. அவன் காஸ்டன் மொனெஸ்கு என்ற கைதேர்ந்த திருடன், அவள் லில்லி என்ற பிக்பாக்கெட். சாப்பிட்டுக்கொண்டே ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அவன் எழுந்து கதவைப் பூட்டி, அவளைப் பிடித்து உலுக்க, அவள் எடுத்து வைத்திருந்த பணப்பை விழுகிறது. அவள் ஊசியை அவன் எடுத்திருக்கிறான், அவன் கடிகாரத்தை அவள் எடுத்திருக்கிறாள். ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கக் கொடுக்கக் காதல் முற்றுகிறது. மற்ற எல்லாக் கதைகளிலும் வேடம் கலைந்தால் உறவு முறியும். இங்கே வேடம் கலைந்த இடத்தில்தான் உறவு தொடங்குகிறது. பொய்ப் பெயரோடு வாழ்பவனுக்கு, தன் உண்மைத் தொழிலைத் தெரிந்து மெச்சும் ஒருத்தி கிடைப்பதைவிட வேறென்ன வேண்டும்?

பிறகு கதை பாரீசுக்குப் போகிறது. வாசனைத் திரவிய நிறுவனத்தின் முதலாளி மரியெட் கோலே, வாழ்வை லேசாக எடுத்துக்கொள்ளும் இளம் விதவை. அவளுடைய 1,25,000 பிராங்க் மதிப்புள்ள கைப்பையைத் திருடிய காஸ்டன், கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கு 20,000 பிராங்க் வெகுமதி என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, அதைத் திருப்பிக் கொடுக்கும் நேர்மையான மனிதனாக வீட்டுக்குள் நுழைகிறான். பண விஷயத்தில் இவ்வளவு அலட்சியமா என்று அவளையே கண்டித்துப் பேசி, லவால் என்ற பெயரில் செயலாளர் வேலையும் வாங்கிவிடுகிறான்.

அதன் பிறகு நடப்பதுதான் லூபிட்சின் மேதைமை. இந்தத் திருடன் அந்த வேலையை அபாரமாகச் செய்கிறான்! வீட்டு வேலைக்காரர்கள் முதல் நிறுவனத்தின் இயக்குநர் குழு வரை எல்லோரும் அவன் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார்கள். கணக்கு ஒழுங்காகிறது. பெட்டகத்தில் பணத்தைக் குவிக்கும் ஏற்பாட்டைச் செய்வதும் அவன்தான், அதை அள்ளிக்கொண்டு போவதற்காக. கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும்போது, குடும்பத்துக்கு நெடுங்காலமாக நெருங்கியவரும் ஊரார் மதிக்கும் பெரியவருமான நிர்வாகத் தலைவர் பல ஆண்டுகளாக மில்லியன் கணக்கில் கையாடல் செய்திருப்பது தெரிய வருகிறது. திருடனைத் திருடன்தானே கண்டுபிடிக்க முடியும். ஆனால் மரியெட் அந்தப் பெரிய மனிதரைப் போலீசில் கொடுக்கத் தயங்குகிறாள், அவமானமாகிவிடும் என்று. அடிமட்டத்திலிருந்து தன் முயற்சியால் மேலே வந்த திருடன் என்றால் மட்டும் உடனே போலீசைக் கூப்பிடுவீர்கள் என்று காஸ்டன் பொங்குகிறான். உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த ஆண்டில் வந்த படம் இது. அந்தக் கோபம் விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

அவனை அடையாளம் காட்டப்போகிறவர் ஃபிலிபா என்ற ஒரு மந்தமான கனவான். வெனிஸில் மருத்துவர் வேடத்தில் வந்து அவரைக் காஸ்டன் ஏற்கெனவே கொள்ளையடித்திருக்கிறான். இவனை எங்கோ பார்த்திருக்கிறேன், எங்கே, எங்கே என்று படம் முழுக்க அவர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். படகு வடிவச் சாம்பல் கிண்ணம் ஒன்றைப் பார்த்ததும் நினைவு திரும்புகிறது. மற்ற இயக்குநராக இருந்தால் அந்த இடத்தில் இசையை முழக்கியிருப்பார். லூபிட்ச் அந்த மனிதரின் முகத்தை மட்டும் நம்புகிறார்.

காஸ்டனாக நடித்தவர் ஹெர்பர்ட் மார்ஷல். முதல் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலோடுதான் இத்தனை நளினமாக அறைக்குள் நடந்து வருகிறார். மாடிப்படிகளில் அவன் பாய்ந்து ஏறி இறங்கும் இடங்களில் ஓடுபவர் வேறொருவர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நடிப்பின் மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது. எதையும் மறைக்காதவனைப் போல இயல்பாக இருக்கும் ஒருவனை, தானே ஒன்றை மறைத்துக்கொண்டிருக்கும் மனிதர் நடித்திருக்கிறார். மொனெஸ்கு என்ற பெயருக்குப் பின்னாலும் ஓர் உண்மைத் திருடனின் நிழல் உண்டு: ஜார்ஜ் மனோலெஸ்கு என்ற ருமேனியர், போலிப் பிரபுவாக விடுதிகளில் தங்கிக் கொள்ளையடித்தவர், பிறகு தன் கதையைத் தானே புத்தகமாக எழுதியவர்.

காஸ்டன் இறுதியில் தண்டிக்கப்படுவதில்லை. மரியெட்டே அவனைப் போக விடுகிறாள். லில்லியோடு டாக்சியில் போகும்போதும் இருவரும் ஒருவர் மடியில் ஒருவர் கைவைத்து, திருடியதைத் திருடிக்கொண்டு போகிறார்கள். இந்த முடிவுதான் படத்துக்கு வினையானது. ஹாலிவுட் தயாரிப்பாளர்கள் 1930-இல் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட ஒழுக்கவிதிகள் முதல் சில ஆண்டுகள் ஏட்டளவில்தான் இருந்தன. 1934-இன் நடுவில் அவற்றை நடைமுறைப்படுத்தும் அலுவலகத்துக்கு ஜோசப் பிரீன் பொறுப்பேற்ற பிறகு அவை இறுகின. குற்றத்தின் பக்கம் பார்வையாளரின் அனுதாபம் சாயக் கூடாது என்பது அந்த விதிகளில் முக்கியமானது. 1935-இல் இந்தப் படத்தை மறுபடி வெளியிட அனுமதி கேட்டபோது கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் கிடந்தது.

இந்த விதி பின்னால் வந்த சிரிப்புக் கதைகளின் எலும்பையே மாற்றிவிட்டது என்று நினைக்கிறேன். திரையில் குற்றம் செய்து தப்பிக்கக் கூடாது. சரி, அப்படியென்றால் குற்றத்தை இறந்தகாலத்தில் தள்ளிவிடலாம். ரவுடி திருந்த நினைக்கிறான், மரியாதையான மனிதன் என்ற புதிய வேடத்தை மாட்டிக்கொள்கிறான், அது அவனுக்குப் பொருந்தவில்லை. இந்த வழியில் எட்வர்ட் ஜி. ராபின்சன் என்ற மாபெரும் நடிகருக்கு மூன்று படங்கள் கிடைத்தன. மூன்றையும் இயக்கியவர் லாயிட் பேக்கன், தயாரித்தது வார்னர் நிறுவனம்.

1931-இல் 'லிட்டில் சீசர்' படத்தில் கொடூரமான தாதாவாக நடித்து உலகப் புகழ் பெற்றவர் ராபின்சன். புக்கரெஸ்டில் இமானுவல் கோல்டன்பர்க் என்ற பெயரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து பெயர் மாற்றிக்கொண்டவர். நிஜ வாழ்வில் ஓவியங்களைத் தேடித் தேடிச் சேர்த்த மென்மையான மனிதர். அந்தக் கரகரத்த குரலையும் சுருட்டையும் வைத்துத் தன்னையே கேலி செய்ய அவர் கூச்சப்படவில்லை.

மூன்றில் சிறந்தது 1938-இல் வந்த 'எ ஸ்லைட் கேஸ் ஆஃப் மர்டர்'. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அந்த ஆண்டுகளில் கள்ள பீர் காய்ச்சிக் கொழித்த ரெமி மார்க்கோ, மதுவிலக்கு முடிந்ததும் இனி நாம் சட்டப்படி தொழில் செய்யும் கனவான்கள் என்று ஆட்களுக்கு அறிவிக்கிறான். ஒரே சிக்கல்: அவன் காய்ச்சும் பீர் குடிக்கச் சகிக்காது. மதுவிலக்குக் காலத்தில் வேறு கிடைக்காததால் ஊர் குடித்தது. மார்க்கோவுக்கு இது தெரியாது, ஏனென்றால் அவன் பீர் குடிப்பதில்லை. அடியாட்களுக்குத் தெரியும், ஆனால் முதலாளியிடம் சொல்ல யாருக்குத் துணிவு? நான்கு ஆண்டுகளில் கடன் கழுத்தை நெரிக்கிறது.

இந்த ஒரு கற்பனைக்காகவே எழுதியவர்களைக் கும்பிடலாம். கள்ளச்சரக்கு விற்றவனைச் சட்டம் வீழ்த்தவில்லை, சட்டத்துக்கு உட்பட்ட சந்தை வீழ்த்துகிறது. நேர்மையான வியாபாரி வேடத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தகுதி உண்டு: சரக்கு நன்றாக இருக்க வேண்டும்.

அதற்கு மேல், கோடைக்காலத்துக்கு வாடகைக்கு எடுத்த வீட்டில் நான்கு பிணங்கள் காத்திருக்கின்றன. மகள் மணக்கப்போகும் பையனோ மாநிலப் போலீஸ்காரன். மார்க்கோவின் மனைவியாக வரும் ரூத் டானெலியைக் கவனியுங்கள். விருந்தினர் முன் மேட்டுக்குடிப் பேச்சு. கோபம் வந்துவிட்டால் அடுத்த நொடியே பழைய தெருப் பேச்சு. நரி ஊளையிடும் இடம் அது. பிணங்களை வேண்டாதவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறார்கள். அந்த நால்வரின் தலைக்கும் பரிசு இருப்பது தெரிந்ததும் ஓடிப்போய்த் திரும்ப அள்ளி வருகிறார்கள். கடைசியில் நடுநடுங்கும் மருமகன் அலமாரிக்குள் நிற்கும் பிணங்களைச் சுட்டு வீரனாகிறான். ஏறக்குறைய எண்பத்தைந்து நிமிடமே ஓடும் படத்தில் இவ்வளவும் ஓடுகிறது.

1940-இல் வந்த 'பிரதர் ஆர்க்கிட்' அமைதியானது. 'தரமான' வாழ்வைத் தேடி ஐரோப்பா போய்ப் பணத்தைத் தொலைத்துத் திரும்பும் தாதா, தன் இடத்தைப் பிடித்துக்கொண்ட பழைய கூட்டாளியின் ஆட்களால் சுடப்பட்டு, பூ வளர்த்து விற்கும் துறவிகளின் மடத்தில் போய் விழுகிறான். ஒளிந்துகொள்ள நல்ல இடம் என்றுதான் ஆர்க்கிட் என்ற பெயரில் அங்கே தங்குகிறான். தேடிப்போன தரம் இங்கேதான் இருக்கிறது என்று புரிந்து, கடைசியில் அங்கேயே திரும்பிவிடுகிறான். வேடமே ஆளை விழுங்கிவிட்ட கதை. சிரிப்பு கொஞ்சம் குறைவு, நடுப்பகுதி இழுக்கிறது. ஆனால் ஹம்ஃப்ரி போகார்ட் பெரிய நாயகனாவதற்குச் சற்று முன்பு வில்லனாக வருவதைப் பார்க்கலாம்.

1942-இன் 'லார்செனி இங்க்' வேலைத் தொல்லையின் உச்சம். சிறையிலிருந்து வெளிவந்த திருடனும் அவன் கூட்டாளிகளும், வங்கிக்குப் பக்கத்திலுள்ள பயணப் பெட்டிக் கடையை வாங்குகிறார்கள். பெட்டிகள் விற்பது போல நடித்துக்கொண்டு கீழே சுரங்கம் தோண்டுவது திட்டம். ஆனால் வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்! கிறிஸ்துமஸ் நேரம் வேறு. ஆட்களை விரட்டுவதற்காக ராபின்சன் வாய்க்கு வந்த விலைக்கு விற்கிறார், அதனால் கூட்டம் இன்னும் கூடுகிறது. ஒரு பெட்டியைப் பரிசுத்தாளில் பொதிந்து கொடுக்க அவர் படும் பாட்டை இரண்டு முறை பார்க்காமல் யாராலும் கடந்து போக முடியாது.

பிரிட்டனிலிருந்து ஒன்றே ஒன்று: அலெக்சாண்டர் மெக்கண்ட்ரிக் இயக்கிய 'தி லேடிகில்லர்ஸ்', 1955. லண்டனில் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அருகில் தனியாக வாழும் ஒரு பாட்டியின் வீட்டில் ஐந்து கொள்ளையர்கள் இசைக்குழு என்று சொல்லி அறை எடுக்கிறார்கள். பழைய இசையமைப்பாளர் பொக்கெரினியின் இசைத்தட்டு சுழல, உள்ளே திட்டம் நடக்கிறது. பாட்டி தேநீரோடு கதவைத் தட்டும்போதெல்லாம் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். செல்லோவை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாத குத்துச்சண்டைக்காரன் ஒருவன், பேராசிரியராக அலெக் கின்னஸ், இளைஞராகப் பீட்டர் செல்லர்ஸ். பாட்டியாக வரும் கேட்டி ஜான்சனுக்கு அப்போது வயது 76. பிரிட்டிஷ் திரை அகாடமி அந்த ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ் நடிகை விருதை அவருக்குத்தான் கொடுத்தது. ஐந்து கொள்ளையர்களால் அந்த ஒரு பாட்டியின் நல்லொழுக்கத்தைத் தாங்க முடியவில்லை. அவளுடைய தோழிகள் தேநீர் விருந்துக்கு வந்துவிட, கொள்ளைப் பணத்தை வைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து பாட வேண்டியிருக்கிறது.

பார்க்கும் வரிசையைப் பற்றி: பழைய படங்களே பழக்கமில்லாதவர்கள் 'தி லேடிகில்லர்ஸ்' படத்தில் தொடங்கலாம், வண்ணத்தில் இருக்கிறது. குழந்தைகளோடு என்றால் 'தி பில்கிரிம்', மொழியே தேவையில்லை. ராபின்சன் படங்களில் பேச்சு மிக வேகம், அந்தக் காலத் தெருக்கொச்சை நிறைய, ஆகவே எழுத்துவரியோடு பாருங்கள். 'டிரபிள் இன் பாரடைஸ்' படத்தை மட்டும் வேறு வேலை எதுவும் இல்லாத இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை வசனத்தைக் கேட்டுவிட்டு, இரண்டாம் முறை அந்த உணவு மேசைக் காட்சியில் இருவரின் கைகளையும் மட்டும் பாருங்கள்.